கிணற்றடியில் ஒரு கவிதை



   

இன்றைய உரைக்கான விடயம் ஒரு கடிதத்தில் வந்தது. யாழ்ப்பாணத்தில் வாழும் ஒரு தாயார் அதனை எழுதியிருந்தார். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வடபுலத்து முஸ்லிம்கள் வீடுவாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டபோது அவர் கைக்குழந்தை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலொன்றில் வளர்ந்து, அங்கேயே மணமுடித்து, 2009இல் போர் ஓய்ந்த பின்னர் கணவரோடு சொந்த மண்ணுக்குத் திரும்பியவர். கணவர் தீவகத்து ஊர்களுக்கு அலுமினியப் பாத்திரங்களைக் கொண்டு சென்று விற்பவர். மூத்த மகன் உயர்தர வகுப்பில் தமிழை ஒரு பாடமாகப் பயில்கின்றான்.

கடந்த விடுமுறையில் தந்தைக்குத் துணையாக மகனும் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் சென்று வந்திருக்கின்றான். நெடுந்தீவில் குடிதண்ணீருக்காக மக்கள் கான்களோடு வரிசையில் நின்றதைக் கண்டான். வரிசையின் கடைசியில் நின்ற முதியவர் ஒருவரின் முறை வருவதற்கு முன்னரே தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் வெறுங்கானோடு திரும்பிப் போனார். அன்றிரவு வீட்டுக்கு வந்த மகன் ஒரு கவிதை எழுதினான். அக்கவிதையில் வரிசையின் கடைசியில் நின்றவன் அல்லாஹ். வெறுங்கானோடு திரும்பிப் போனவனும் அல்லாஹ்.

தந்தையார் அதனைக் கண்டார். “அல்லாஹ்வுக்குத் தாகமா? அல்லாஹ்வுக்குக் கானா?” என்று கேட்டார். மும்முறை அஸ்தஃபிருல்லாஹ் என்று மொழிந்துவிட்டு, அந்தத் தாளைக் கிழித்தெறிந்தார். அன்று முதல் மகன் தந்தையோடு பேசுவதில்லையாம். பள்ளிவாசலுக்குப் போகின்றானாம்; ஆனால், தந்தை நிற்கும் ஸஃப்பில் நிற்பதில்லையாம். ‘என் மகனுடைய ஈமானுக்குக் குறைவு வந்துவிட்டதா? என் கணவர் செய்தது சரிதானா?’ என்பவையே அத்தாயாரின் இரண்டு கேள்விகள். கிழிந்த துண்டுகளையும் பொறுக்கி உறையில் இட்டு அனுப்பியிருந்தார்.

நேயர்களே! நான் ஃபத்வா வழங்கும் முஃப்தி அல்லேன். ஆயினும், அத்துண்டுகளை மேசையில் ஒட்ட வைத்து இரண்டு முறை வாசித்தேன். எழுத்துப் பிழைகள் சில இருந்தன. அவற்றை விட்டுவிடுவோம். பிள்ளையின் உள்ளம் எங்கே நின்றது என்பதும், தந்தையின் அச்சம் எங்கிருந்து வந்தது என்பதுமே நாம் ஆராய வேண்டியவை.

முதலில் தந்தையின் அச்சத்தை எடுத்துக்கொள்வோம். அதனை எள்ளி நகையாடுதல் எவருக்கும் தகாது. அல்லாஹ் தேவையற்றவன் என்பதையும், அவன் எவரையும் பெறவுமில்லை, எவராலும் பெறப்படவுமில்லை என்பதையும் நம் பிள்ளைகள் மழலை மாறுமுன்னே குல்ஹுவல்லாஹு ஸூராவில் மனனம் செய்கின்றார்கள். அவனைப் போன்றது எதுவுமே இல்லை என்று அஷ்ஷூறா அத்தியாயம் அறிவிக்கின்றது. அல்லாஹ்வுக்கு உதாரணங்களைக் கற்பிக்க வேண்டாமென அந்நஹ்ல் அத்தியாயம் தடுக்கின்றது. படைத்தவன் படைப்பினுள் இறங்கிக் குடியேறுகின்றான் என்னும் கருத்துக்கு ஹுலூல் என்று பெயர். மார்க்க அறிஞர்கள் காலந்தோறும் அதனை மறுத்தே வந்திருக்கின்றார்கள். பாத்திரச் சுமையோடு படகேறி, பல சமயத்தவரோடும் பழகி, தன் பிள்ளையின் ஈமான் கரைந்துவிடலாகாதே என்று இரவில் துஆச் செய்யும் ஒரு தந்தைக்கு, அந்தக் கவிதையைக் கண்டதும் நெஞ்சு திடுக்கிட்டிருக்கும். அவர் கேட்ட கேள்வி தவறான கேள்வியன்று. இந்த உரையின் பிற்பகுதியில் அதே கேள்வியை வேறோரிடத்தில் நீங்கள் கேட்கப் போகின்றீர்கள்.

ஆனால், அல்குர்ஆன் தன் உவமைகளை எங்கிருந்து எடுக்கின்றது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அந்நூர் அத்தியாயத்தில் அல்லாஹ்வின் ஒளிக்குக் கூறப்படும் உவமையில் வருபவை யாவை? சுவரில் ஒரு மாடம், அதனுள் ஒரு விளக்கு, அவ்விளக்கைச் சூழ்ந்த கண்ணாடி, எரிவதற்கு ஒலிவ எண்ணெய். அரசமாளிகைப் பொருள் ஒன்றும் அங்கில்லை. ஏழையின் வீட்டிலும் மாலையில் ஏற்றப்படும் விளக்கே அங்கே வருகின்றது. கொசுவையும் உவமையாகக் கூற அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று அல்பகரா அத்தியாயம் உரைக்கின்றது. சிலந்தியின் வீடும், வரண்ட நிலத்தில் பெய்யும் மழையும், கானலை நீரென்று எண்ணி ஓடும் தாகித்தவனும் அவ்வேதத்தில் இடம்பெறுகின்றனர். அன்றாட வாழ்க்கையைத் தொட்டால் ஆன்மிகம் மாசுபடும் என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ வந்து சேர்ந்திருக்கின்றது. அது குர்ஆனிலிருந்து வந்ததன்று.

கவிஞர்களைப் பற்றியும் குர்ஆன் பேசுகின்றது. அதற்கென அஷ்ஷுஅரா என்ற பெயரில் ஓர் அத்தியாயமே உண்டு. அங்கே கவிஞர்கள் மீது சுமத்தப்படும் குற்றங்களுள் ஒன்றை இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தாம் செய்யாதவற்றை அவர்கள் சொல்கின்றார்கள் என்பதே அது. ஈமான் கொண்டு நற்செயல் புரிவோருக்கு அங்கேயே விலக்கும் அளிக்கப்பட்டிருக்கின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களுக்காகப் பள்ளிவாசலில் மிம்பர் ஒன்றை அமைத்துக் கவி பாடச் செய்தார்கள். அல்லாஹ்வைத் தவிர ஏனையவற்றின் நிலையாமை குறித்துக் கவிஞர் லபீத் சொன்ன சொல்லை, கவிஞர்கள் சொன்னவற்றுள் மிக உண்மையானது என்று பாராட்டினார்கள். கவிதை என்றதுமே கையை ஓங்கும் பெற்றோர் இவற்றையும் அறிந்துகொள்வது நன்று.

நம் தமிழுக்கு வருவோம். தீவகத்துக்கு மேற்கே, பாக்குநீரிணையின் மறுகரையில் தொண்டி இருக்கின்றது. அதனை அடுத்த குணங்குடியில் 1792இல் பிறந்தவர் சுல்தான் அப்துல் காதிர். குணங்குடி மஸ்தான் சாகிபு என்று உலகம் அறிந்தது அவரைத்தான். சென்னையில் வாழ்ந்து 1838இல் மறைந்தார். இறைவனைத் தாயாகவும் தந்தையாகவும் அழைத்தார். அதற்கும் மேலே சென்று, மனோன்மணி என்னும் காதலியாகவும் உருவகித்துப் பாடினார். தமிழ் அகப்பொருள் மரபில் தலைவனும் தலைவியும் படும் பிரிவுத் துயரை அப்படியே எடுத்து, ஆன்மா தன் இறைவனுக்காகப் படும் துயராக மாற்றினார். தக்கலையில் அடங்கியிருக்கும் பீர் முகம்மது அப்பா அவர்களோ நெசவுத் தொழில் செய்தவர். அவரது ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் அங்கே இரவு முழுவதும் கூடியிருந்து பாடுகின்றார்கள். இத்தகைய பெரியார்கள் கண்ணி, கும்மி, சிந்து, குறவஞ்சி என்று சாமானியர்களின் வாயில் வழங்கிய வடிவங்களிலேயே ஞானத்தைப் பாடினார்கள். பெண்கள் கைகொட்டி ஆடும் மெட்டில் தவ்ஹீத் நுழைந்தது.

இப்பாடல்களைக் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. மறைக்க வேண்டியதில்லை. பொருளறியாமல் சொல்லை மட்டும் பற்றிக்கொள்வோருக்கு அவை வழுக்கும் படிகள் என்பதே என் எண்ணமும். ஆனால், உருவகத்தை உருவகமாகப் படிக்கக் கற்றவன் அங்கே விழுந்துவிட மாட்டான். அப்படிப் படிக்கக் கற்பிக்க வேண்டியவர்கள் நாம். அந்தப் பணியை நாம் செய்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்கள் மஸ்னவியின் இரண்டாம் பாகத்தில் ஒரு கதை சொல்கின்றார்கள். ஓர் இடையன் காட்டுவழியே இறைவனோடு பேசிக்கொண்டு போகின்றான். இறைவனின் தலையை வாரிவிட வேண்டும், செருப்பைத் தைத்துக் கொடுக்க வேண்டும், பால் கொண்டுவந்து தரவேண்டும் என்பவை அவனது ஆசைகள். மூஸா நபி (அலை) அவர்கள் அதைக் கேட்டுக் கடிந்துகொள்கின்றார்கள். இடையன் நாணித் தன் ஆடையைக் கிழித்துக்கொண்டு பாலைவனத்தை நோக்கி ஓடிவிடுகின்றான். அப்போது, என்னிடமிருந்து என் அடியானைப் பிரித்துவிட்டீரே என்னும் கருத்தில் மூஸா (அலை) அவர்களுக்கு வஹீ வருவதாக ரூமி பாடுகின்றார்கள். இது கவிஞர் புனைந்த கதை. குர்ஆனிலோ ஆதாரபூர்வமான ஹதீஸிலோ வந்த வரலாறு என்று எண்ணிவிட வேண்டாம். இடையனின் சொற்கள் சரியானவை என்று ரூமியும் சொல்லவில்லை. சொல் தவறிய இடத்திலும் நெஞ்சு தவறாமலிருக்கலாம் என்பதைத்தான் சொல்கின்றார்கள். கதையில் கிழிபட்டது இடையனின் ஆடை. யாழ்ப்பாணத்து வீட்டில் கிழிபட்டது ஒரு தாள்.

இனி அந்தப் பிள்ளை சென்று வந்த தீவுகளுக்கு நாமும் சற்றுச் சென்று வருவோம். அவற்றோடு நமக்குள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. முதலாம் பராக்கிரமபாகு மன்னன் 12ஆம் நூற்றாண்டில் பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டொன்று நயினாதீவில் உண்டு. இன்று ஊர்காவற்றுறை என வழங்கும் ஊராத்துறைக்கு வந்திறங்கும் பிறதேசத்து வணிகர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்று அது கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. ஏனைய வணிகப் பொருள் ஏற்றிய கப்பல் உடைந்தால் இரண்டுக்கும் பாதிப்பாதி. அந்நாளில் கடல்வழிக் குதிரை வணிகத்தில் அரபிகளுக்குப் பெரும் பங்கிருந்தது. நெடுந்தீவில் நிற்கும் பெருக்கமரத்தையும் அரபு வணிகரே கொண்டுவந்து நட்டனர் என்று சொல்வார்கள். நயினாதீவில் நாகபூசணி அம்மன் ஆலயமும் நாகவிகாரையும் இருப்பதைப் பலரும் அறிவர். அங்கே பள்ளிவாசலும் உண்டு என்பதை நம்மவரிலேயே சிலர் அறியார்.

கப்பல் உடைந்து கரையேறியவன் முதலில் கேட்பது பொருளில் பங்கன்று. ஒரு மிடறு தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் இத்தீவுகளில் அரிது. ஆறு இல்லை, மலை இல்லை. சுண்ணக்கல் நிலம். வாடைக்காற்றுக் காலத்து மழைநீர் மண்ணினூடு இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கின்றது. அதனை அளவறிந்து அள்ளினால் நன்னீர். அளவு மீறி இறைத்தால் கடலுவர் மேலேறிக் கிணறு கெட்டுவிடும். ஆகவே, ஓர் ஊரில் நல்ல கிணறுகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அக்கிணறு யாருடையது, யார் அள்ளலாம், யார் அள்ளலாகாது என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறை புங்குடுதீவில் இருக்கின்றது. அந்தப் பிள்ளையும் தந்தையும் அவ்வழியாகவே சென்றிருப்பார்கள். அந்தப் புங்குடுதீவில் 1935இல் பிறந்தவர் மு. தளையசிங்கம். ஆசிரியர், சிறுகதை ஆசிரியர், ஆழ்ந்த சிந்தனையாளர். இந்து ஆன்மிக மரபில் நின்றவர். ‘போர்ப்பறை’ என்ற நூலை எழுதியவர். செய்யுளும் கதையும் கற்பனையில் நின்றுவிடுகின்றன. இனி வரவேண்டியது வாழ்ந்து காட்டப்படும் மெய்யை உள்ளடக்கிய எழுத்து என்று கருதி, அதற்கு ‘மெய்யுள்’ என்று பெயரிட்டார். கடவுளைத் தேடுதலும் சமூக நீதிக்காக உழைத்தலும் இரு வேறு வேலைகளல்ல என்பது அவரது துணிபு.

அவ்வாறு எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. புங்குடுதீவில் கண்ணகி அம்மன் ஆலயத்து நன்னீர்க் கிணற்றில், தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ளத் தடை இருந்தது. 1971இல் அவர்களது உரிமைக்காகத் தளையசிங்கம் சத்தியாக்கிரகம் செய்தார். பொலிஸாரால் கைதுசெய்யப்பட்டார், தாக்கப்பட்டார். அதன் பின்னர் அவரது உடல்நலம் தேறவில்லை. நாற்பது வயதையும் எட்டாமல் 1973இல் மறைந்தார். ‘மெய்யுள்’ நூலாக வெளிவந்தது அவரது மறைவுக்குப் பின்னர்தான். அவரைக் குருவாகக் கொண்ட அதே ஊர்க் கவிஞர் சு. வில்வரத்தினம், பின்னாளில் போரினால் மக்கள் வெளியேறி வெறிச்சோடிய தன் ஊரைக் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்ற தொகுதியில் பாடினார். ஊரைவிட்டு வெளியேறிய துயரம் இன்னதென்று வடபுலத்து முஸ்லிம்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இதனை இன்னொரு சமூகத்தின் குறையைக் காட்டுவதற்காக நான் கூறவில்லை. நம் வீட்டில் கூலிவேலைக்கு வருபவருக்கென்று அடுப்படி மூலையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் தனிக் கோப்பையை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அதைக் கழுவுவதும் கவிழ்ப்பதும் யார் கற்பித்த பாடம்? தளையசிங்கத்தின் தத்துவத்தில் நமக்கு உடன்பாடில்லாத பகுதிகள் உண்டு. எல்லாமே இறைவனின் வெளிப்பாடு என்னும் கொள்கையை நாம் ஏற்பதில்லை. ஆயினும் அந்தக் கிணற்றடியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது ஒரு ஹதீஸ்தான்.

அது ஹதீஸ் குத்ஸி. அபூஹுறைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. சொல்லுக்குச் சொல் அன்றி, அதன் கருத்தை மட்டும் தருகின்றேன். மறுமை நாளில் அல்லாஹ் மனிதனை விசாரிக்கின்றான். தான் நோயுற்றிருந்ததாகவும், அம்மனிதன் தன்னை நலம் விசாரிக்க வரவில்லை என்றும் கூறுகின்றான். அடியான் திகைத்துப் போகின்றான். நீ அகிலத்தாரின் இரட்சகனாயிற்றே, உன்னை நான் எவ்வாறு நலம் விசாரிப்பேன் என்று கேட்கின்றான். என்னுடைய இன்ன அடியான் நோயுற்றிருந்தது உனக்குத் தெரியாதா, நீ சென்றிருந்தால் அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாயே என்று பதில் வருகின்றது. பின்னர் உணவு கேட்டதாகவும், இறுதியாகத் தண்ணீர் கேட்டதாகவும் விசாரணை தொடர்கின்றது. இவ்விரண்டிலும் அடியான் அதே கேள்வியைக் கேட்கின்றான். கேட்டவனுக்குக் கொடுத்திருந்தால் அதனை என்னிடத்தில் கண்டிருப்பாய் என்பது இங்கே வரும் பதில்.

நேயர்களே! இந்த ஹதீஸில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

அது தொடங்கும் விதம் நம்மை உலுக்குகின்றது. நோயுற்றேன், பசித்தேன், தண்ணீர் கேட்டேன் என்னும் பொருளில் பேசுபவன் அல்லாஹ். யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் கவிதை எந்த இடத்தில் நின்றதோ, ஏறக்குறைய அந்த இடத்திலேயே ஹதீஸ் ஆரம்பிக்கின்றது.

அடுத்து, அடியானின் கேள்வி. அகிலத்தாரின் இரட்சகனுக்கு எப்படி நோய் வரும்? எப்படித் தாகம் வரும்? இது அந்தத் தந்தையார் கேட்ட கேள்வியேதான். அல்லாஹ் அந்தக் கேள்வியைத் தவறென்று கடியவில்லை. உனக்கு ஈமான் போதாது என்று சொல்லவில்லை. தவ்ஹீதின் அந்தக் குரல் ஹதீஸுக்குள்ளேயே, மூன்று முறையும், இடம்பெற்றிருக்கின்றது. அதற்குரிய விடையும் தரப்படுகின்றது. அல்லாஹ் அந்த நோயாளியாக இருந்தான் என்று விடை வரவில்லை. அந்த நோயாளியினிடத்தில் நீ என்னைக் கண்டிருப்பாய் என்று வருகின்றது. தமிழில் ‘ஆக’ என்பதற்கும் ‘இடத்தில்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இலக்கணம் படிக்கும் மாணவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓர் உருபுதான். ஆயினும் ஹுலூலையும் தவ்ஹீதையும் பிரிக்கும் வரம்பு அந்த உருபினூடாகவே செல்கின்றது.

மூன்றாவதுதான் என்னைப் பெரிதும் அஞ்சச் செய்வது. அங்கே மனிதகுலம் என்று பொதுவாகச் சொல்லப்படவில்லை. ஏழைகள் என்றும் சொல்லப்படவில்லை. என்னுடைய ‘இன்ன அடியான்’ என்று, பெயர் சொல்லிச் சுட்டும் முறையிலே வருகின்றது. மறுமையில் நம்முன் நிறுத்தப்படுபவர் ஒரு கருத்தல்லர். பெயருள்ள ஒருவர், நம் தெருவில் இருந்தவர், நாம் தாண்டிச் சென்றவர்.

இப்போது தம்பி, உம்மிடம் வருகின்றேன். உம் கவிதையை இரண்டு முறை வாசித்தேன் என்றேன். அந்த முதியவரின் நடையை நீர் எழுதியிருக்கின்றீர். வெறுங்கான் காற்றில் ஆடியதை எழுதியிருக்கின்றீர். அவருடைய பெயர் எங்கும் இல்லை. நீர் கேட்கவில்லை என்று நினைக்கின்றேன். படகில் ஏறியபோது உமது பையில் தண்ணீர்ப் போத்தல் இருந்திருக்கும். அதை நீட்டினீரா என்பதும் கவிதையில் இல்லை. தாம் செய்யாதவற்றைச் சொல்லும் கவிஞர்களைப் பற்றிக் குர்ஆன் கூறியதை முன்னர் சொன்னேன். செய்யுளைத் தாண்டி மெய்யுள் வேண்டும் என்று புங்குடுதீவுக்காரர் ஒருவர் சொன்னதையும் சொன்னேன். உம் தந்தையின் கண்ணுக்குப் பட்ட பிழை வேறு. எனக்குப் படும் பிழை இது. இதனைக் கடுமையாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். பதினேழு வயதில் நானும் பிறர் துயரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன்தான். அப்போது எவருக்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

மதீனாவில் ரூமா என்றொரு கிணறு இருந்தது. ஹிஜ்ரத் செய்து வந்த முஸ்லிம்களுக்கு நல்ல தண்ணீர் தட்டுப்பாடாக இருந்த காலம். அக்கிணற்று நீரை விலை கொடுத்தே பெறவேண்டியிருந்தது. அதனை வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்குபவர் யார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். வாங்குபவரின் வாளி, மற்ற முஸ்லிம்களின் வாளிகளோடு ஒரு வாளியாகவே இருக்க வேண்டும் என்னும் கருத்தையும் சேர்த்தே கூறினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பணத்தில் அதனை வாங்கிப் பொதுவாக்கினார்கள். பணம் கொடுத்தவருக்கு முன்வரிசை கிடையாது. கிணற்றின் உரிமையாளர் கிணற்றடியில் ஒரு சாதாரண வாளிக்காரர். இதைப் பற்றி ஒரு கவிதை எழுதப்பட்டால், கண்ணியமான கவிதைகளுள் ஒன்றாக அது அமையும் என்று நான் நம்புகின்றேன்.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் மொண்டு, அதனை வாயால் கவ்விக்கொண்டு ஏறி வந்த மனிதரின் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கின்றது. அவரது பாவங்கள் அதற்காக மன்னிக்கப்பட்டன. நாயைப் பற்றியே இவ்வாறாயின், கானோடு நின்ற மனிதரைப் பற்றி என்ன சொல்வது?

தந்தையாரே! தங்களிடமும் ஒரு வார்த்தை. தாங்கள் ஈமானைக் காக்க எழுந்தீர்கள். அதற்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக. ஆனால், கேள்வி கேட்ட வாயே போதுமாயிருந்தது, கை வேண்டியிருக்கவில்லை. தாங்கள் கேட்டதை அமைதியாகக் கேட்டுவிட்டு, பதிலுக்காகச் சற்றுக் காத்திருந்தால், பிள்ளையும் தாங்களும் சேர்ந்தே இந்த ஹதீஸிடம் வந்து சேர்ந்திருப்பீர்கள். வீட்டில் கேள்விக்கு விடை கிடைக்காத பிள்ளை வெளியே விடை தேடும். வெளியே யார் யார் விடை வைத்துக்கொண்டு நிற்கின்றார்கள் என்பது தாங்கள் அறியாததன்று.

அடுத்த முறை தாங்கள் நெடுந்தீவுக்குப் பாத்திரம் கொண்டு செல்லும்போது மகனையும் அழைத்துச் செல்லுங்கள். சுமையோடு இரண்டு கான் நல்ல தண்ணீரும் படகில் ஏறட்டும். அந்த முதியவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். சிறிய தீவு, கிடைத்துவிடுவார். அவர் எந்தச் சமயத்தவர் என்று நான் கேட்கவில்லை. ஹதீஸிலும் அக்கேள்வி இல்லை. அவருடைய பெயரை மகன் கேட்டு வரட்டும்.

தாயாரே! தங்களின் முதற் கேள்விக்கு என் விடை: தங்கள் மகனின் ஈமானில் குறைவு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவன் சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு வழி இருக்கின்றது. கவிதையின் முதற்பகுதி அவனுடையது. இரண்டாம் பகுதியில், கிழித்தபோது தந்தையார் கேட்டாரே, “அல்லாஹ்வுக்குத் தாகமா?” என்று, அந்தக் கேள்வியை அப்படியே எழுதட்டும். மூன்றாம் பகுதியை நெடுந்தீவுக்குப் போய் வந்த பின்னர் எழுதலாம்.

கிழிந்த துண்டுகளைத் தங்கள் முகவரிக்கே இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். அதே உறையினுள் எழுதாத தாள் ஒன்றும் வைத்திருக்கின்றேன்.